பஞ்சுவுக்குப் பூஞ்சை

தோல் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவளை எல்லோரும் டோக்கன்மா என்றே கூப்பிட்டார்கள். டாக்டரும் அப்படித்தான், கிளினிக்குக்குக் கீழே செருப்புக்கடை வைத்திருந்தவரும் அப்படித்தான். பதினோரு வருஷமாக அதே மேஜை, அதே நாற்காலி. வரிசையை மீறி உள்ளே நுழையப் பார்ப்பவர்களை ஒரு பார்வையிலேயே திரும்பி உட்கார வைத்துவிடுவாள். சொறிந்த கையோடு யாராவது அவளிடம் பேனா இரவல் வாங்கினால், திருப்பித் தரும்போது, "நீங்களே வெச்சுக்கோங்க" என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டு டிராயரிலிருந்து வேறு பேனா எடுப்பாள். அவ்வளவு சுத்தம் பார்ப்பவள்.

அப்படிப்பட்டவளின் வீட்டில், ஹாலை ஒட்டிய சின்ன அறையில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டரான்டுலா சிலந்தி வளர்ந்துகொண்டிருந்தது கிளினிக்கில் ஒருவருக்கும் தெரியாது.

சிலந்தி அவள் கணவருடையது. அவர் ஏசி மெக்கானிக். ஆறடி உயரம், கதவு அகலத்துக்குத் தோள், குழந்தை மாதிரி மனசு. கல்யாணத்துக்கு முன்னால் இருவரும் முதல்முறை தனியாகப் பேசியபோது அவர் எதையும் மறைக்கவில்லை. "எனக்குக் குடி கிடையாது, சிகரெட் கிடையாது. ஒரே ஒரு பூச்சி இருக்கு" என்று சொன்னார். இவள் வயிற்றுப் பூச்சி என்று நினைத்துக்கொண்டாள். அதற்கென்ன, ஒரு மாத்திரையில் போய்விடும் என்று சம்மதம் சொல்லிவிட்டாள்.

கல்யாணமான மறுநாள் அந்தப் பூச்சியைக் கண்ணாடித் தொட்டியில் பார்த்தபோது அவள் அலறிய அலறலில் பக்கத்து வீட்டுக்காரர் கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு வெளியே ஓடிவந்தார். அழுது முடித்து, முகம் கழுவி, கடைசியில் அவளே ஒரு சட்டம் போட்டாள்.

"இந்த வாசப்படியத் தாண்டி அது வெளிய வரக்கூடாது. நான் உள்ள வரமாட்டேன். நீங்க ரெண்டு பக்கமும் போயிட்டு வரலாம், கை கழுவிட்டு."

ஒன்பது வருஷமாக அந்தச் சட்டம் மீறப்படவில்லை. மெக்கானிக் தினமும் வேலைக்குப் போகும்முன் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். "சாப்ட்டியாம்மா? தண்ணி வெச்சிருக்கேன், குடிச்சுக்கோ. சாயங்காலம் வந்துடறேன்" என்று உள்ளே குரல் கேட்கும். முதல் வருஷம் டோக்கன்மாவுக்கு அது வயிற்றெரிச்சலாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. உடம்பெல்லாம் மெத்து மெத்தென்று முடி இருந்ததால் அதற்குப் பஞ்சு என்று பெயர் வைத்திருந்தார்.

அந்த வருஷம் மழை பிடித்தால் விடாத மழை. மூன்று வாரம் துணி காயவில்லை. கதவுகள் உப்பிக்கொண்டு சாத்த மறுத்தன. ஒருநாள் காலையில் மெக்கானிக் சின்ன அறையிலிருந்து முகம் வெளுத்து வெளியே வந்தார்.

"பஞ்சுவுக்குப் பூஞ்சை."

"என்னது?" டோக்கன்மா டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தாள்.

"பஞ்சுவுக்கு. பூஞ்சை."

"நாக்கு குளறுதா உங்களுக்கு? நிதானமா சொல்லுங்க."

"பஞ்சு மேல வெள்ளையா பஞ்சு மாதிரி பூஞ்சை புடிச்சிருக்கு! வயித்து மேல, பட்டாணி அளவுக்கு. ஒன்றரை மாசமா சாப்பிடவும் இல்ல. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

பஞ்சுவுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். எட்டுக் காலில் ஒன்றுகூட ஓடாமல் தொட்டியின் மூலையில் சுருண்டு கிடந்தது.

அன்று அவர் இரண்டு ஏசி வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு, பஞ்சுவை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, மூடியில் ஓட்டை போட்டு, கால்நடை மருத்துவரிடம் எடுத்துப் போனார். மருத்துவர் நாய்க்கு ஊசி போட்டு முடித்துக் கை துடைத்தபடியே, "முயலா?" என்று கேட்டு மூடியைத் திறந்தார். திறந்த வேகத்திலேயே மூடினார். பிறகு மேஜைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"எனக்கு நாலு கால் வரைக்கும்தாங்க படிப்பு" என்றார்.

"எட்டுக் கால்னா ரெண்டு நாய்க் கணக்கா வெச்சுக்கோங்களேன் டாக்டர்."

"நாய்க்கு எலும்பு உள்ள இருக்கும், தோல் வெளிய இருக்கும். இதுக்கு எல்லாமே வெளியதான் இருக்கு. இது தோல் சமாச்சாரம். நல்ல தோல் டாக்டரா பாத்துக் காட்டுங்க."

தட்டிக் கழிப்பதற்காகத்தான் அவர் அப்படிச் சொன்னார். ஆனால் மெக்கானிக்கின் காதில் அது வேதவாக்காக விழுந்துவிட்டது. நல்ல தோல் டாக்டர் யாரென்று தேடவே வேண்டியதில்லையே. வீட்டிலேயே ஆள் இருக்கிறது.

"மாட்டவே மாட்டேன்" என்றாள் டோக்கன்மா.

காரணம் இருந்தது. தோல் டாக்டர் முப்பது வருஷ அனுபவசாலி, மிகவும் கண்டிப்பானவர், ஆனால் எட்டுக்கால் பூச்சி என்றால் மட்டும் அவருக்கு ஆகாது. ஒருமுறை கிளினிக் வாஷ்பேசினில் கடுகு அளவுக்கு ஒன்று ஊர்ந்ததைப் பார்த்துவிட்டு, ஒரு வாரம் கீழே செருப்புக்கடைக்குப் போய்க் கை கழுவிவிட்டு வந்தவர். அவரிடம் போய் எங்கள் வீட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

"நீ சிலந்தின்னே சொல்ல வேணாம். சும்மா ஒரு சந்தேகம் மாதிரி கேளு. என்ன மருந்துன்னு தெரிஞ்சா போதும்" என்றார் மெக்கானிக். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். அந்தப் பெரிய உடம்பு நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் அவளுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

"சரி, கேக்கறேன். அழாதீங்க, பாக்கச் சகிக்கல."

மறுநாள் காலை நோயாளிகள் வருவதற்கு முன் டாக்டரின் அறைக்குள் போனாள். திரைக்குப் பின்னால் நர்ஸம்மா பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், ஒரு சந்தேகம். வெள்ளையா ஒரு திட்டு இருந்தா அது பூஞ்சையா?"

"யாருக்கும்மா?"

"எங்க வீட்ல."

எங்க வீட்ல என்று ஒரு மனைவி சொன்னால் அது யாரைக் குறிக்கும் என்று டாக்டருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேனாவைத் திறந்து சீட்டு எடுத்தார். சொன்ன பிறகுதான் டோக்கன்மாவுக்கும் உறைத்தது. சரி, அப்படியே இருக்கட்டும், இதுவும் நல்லதுக்குத்தான் என்று விட்டுவிட்டாள்.

"எந்த இடத்துல?"

"வயித்து மேல. பின்னாடி பக்கம்."

"வயித்துக்குப் பின்னாடின்னா அது முதுகும்மா."

"சரி, முதுகுன்னே வெச்சுக்கலாம்."

"அரிப்பு உண்டா? சொறியறாரா?"

"சொறியறாங்க டாக்டர். பின்னங்காலால."

டாக்டரின் பேனா நின்றது. "பின்னங்கால்னா?"

"அதாவது… காலால. அந்த இடத்துல முடியே கொட்டிப் போச்சு."

"முதுகுல அவ்வளவு முடியா?"

"உடம்பு பூராவுமே அப்படித்தான்."

"சாப்பாடெல்லாம்?"

"ஒன்றரை மாசமா தொடறதே இல்ல. முன்னாடியும் பத்து நாளைக்கு ஒரு தடவைதான்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "தூக்கம் எப்படி?"

"பகல் பூரா ஒரு மூலையில உக்காந்தா உக்காந்ததுதான். திடீர்னு சுவர் ஏறுவாங்க."

"கோவத்துலயா?"

"இல்ல, சும்மா."

திரைக்குப் பின்னால் பஞ்சு உருட்டும் சத்தம் நின்றிருந்தது.

"இத்தனையும் வெச்சுக்கிட்டு நீ எப்படிம்மா தினமும் சிரிச்ச முகமா வேலைக்கு வர?" என்றார் டாக்டர்.

"நான் அந்த ரூமுக்குள்ளயே போறதில்ல டாக்டர்."

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒரு களிம்பு, காலை மாலை சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை, உடம்பை ஈரமில்லாமல் வைத்துக்கொள்வது, தளர்வான பருத்தி உடை என்று எழுதினார். எழுதி முடித்தும் சீட்டை உடனே தரவில்லை. "பதினோரு வருஷம். ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

மதியத்துக்குள் விஷயம் நர்ஸம்மா வழியாகப் படியிறங்கிச் செருப்புக்கடை வரைக்கும் போய்விட்டது. டோக்கன்மா மாலையில் வீட்டுக்குப் போகும்போது கடையில் நின்று, செருப்புப் பெட்டிகளில் ஈரம் உறிஞ்சுவதற்காகப் போடும் சின்னச் சின்னப் பொட்டலங்கள் இருந்தால் வேண்டும் என்று கேட்டாள். தொட்டியைச் சுற்றி வைப்பதற்காக மெக்கானிக் கேட்டிருந்தார். கடைக்காரர் ஒரு பை நிறைய அள்ளிக் கொடுத்துவிட்டு, அவள் காதருகே குனிந்தார்.

"தின்னக்கூடாதுன்னு மேல எழுதியிருக்கும்மா. அவர் கைக்கு எட்டாத எடத்துல வெச்சுக்கோ. மனச விட்றாத."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருமாதிரி தலையாட்டிவிட்டு வந்தாள்.

வீட்டில் மெக்கானிக் சீட்டை வாங்கி இரண்டு தரம் படித்தார்.

"சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு வேள மாத்திரையா? அது சாப்ட்டாத்தானே அப்புறம்? இதென்ன, தளர்வான பருத்தி உடை?"

"கொடுத்தத வாங்கிட்டு வந்தேன்."

"பஞ்சுவுக்கு நான் எங்க போய் அளவெடுத்து உடை தைக்கறது? எட்டு கை வெச்சு?"

சீட்டின் மேலே நோயாளியின் பெயர் இருந்த இடத்தில் தன் பெயரையும் வயதையும் அவர் பார்த்தார். டோக்கன்மா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அடுத்த நாள் டாக்டரே மெக்கானிக்குக்கு போன் செய்தார். கிளினிக் ஏசி சரியாகக் குளிரவில்லை, மதிய இடைவேளையில் வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். கூச்ச சுபாவம் உள்ள நோயாளிகளை வரவழைக்க அவருக்குத் தெரிந்த வழி அது. மெக்கானிக் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். படியேறும்போது செருப்புக்கடைக்காரர் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே நர்ஸம்மா சட்டென்று நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். டோக்கன்மா சாப்பிட வெளியே போயிருந்தாள்.

ஏசிக்குக் கீழே ஸ்டூல் போட்டு ஏறப்போனவரை டாக்டர் தடுத்து, கதவைச் சாத்தினார்.

"ஏசி இருக்கட்டும். சட்டையைக் கழட்டுங்க."

"ஏன் டாக்டர்?"

"எல்லாத்தையும் டோக்கன்மா சொல்லிட்டா. வெட்கப்படாதீங்க. நீங்க சுவர் ஏறுவீங்களாமே?"

"ஆமா டாக்டர். சுவர் ஏறாம எப்படி ஏசி மாட்டறது?"

டாக்டர் சற்றுத் தடுமாறினார். ஆனாலும் விடவில்லை. "பத்து நாளைக்கு ஒரு தடவைதான் சாப்பாடா?"

"யாரு, நானா? இப்பதான் சாப்ட்டு வந்தேன். காலைலகூட ரெண்டு தடவ போட்டுக்கிட்டேன்."

"காலால முதுகு சொறியறது?"

மெக்கானிக் தன் காலைப் பார்த்தார். தன் தொப்பையைப் பார்த்தார். அந்தக் கால் அந்த முதுகுக்கு இந்த ஜென்மத்தில் எட்டாது என்பது இருவருக்குமே ஒரே நேரத்தில் தெரிந்தது.

"டாக்டர், அது பஞ்சு."

"பூஞ்சைன்னா பஞ்சு மாதிரிதான் இருக்கும்."

"இல்ல டாக்டர், பஞ்சுவுக்குத்தான் பஞ்சு மாதிரி… இருங்க, போட்டோவே இருக்கு."

போனை நீட்டினார். டாக்டரின் நாற்காலிக்குச் சக்கரம் இருந்தது. அது டாக்டரோடு சேர்ந்து பின்னாலேயே போய்ச் சுவரில் இடித்து நின்றது. டாக்டர் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தார். மெக்கானிக்குக்குக் குற்ற உணர்ச்சியாகிவிட்டது. மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனைப் பையில் போடப்போனார்.

"இருங்க" என்றார் டாக்டர். இரண்டு விரலுக்கு நடுவே ஒரு கண் தெரிந்தது. "அந்தத் திட்டோட ஓரம் எப்படி இருக்கு? கொஞ்சம் பெருசு பண்ணிக் காட்டுங்க. போதும், போதும்! திட்ட மட்டும் பெருசு பண்ணுங்கய்யா, மூஞ்சிய இல்ல."

முப்பது வருஷமாக முகப்பரு, முடி கொட்டுதல், பொடுகு. மறுபடியும் முகப்பரு. கடைசியாக ஒரு நோயாளியைப் பார்த்து, இது என்னவாக இருக்கும் என்று டாக்டர் ஆர்வப்பட்டது எப்போது என்று அவருக்கே ஞாபகமில்லை. நாற்காலி மெல்ல மெல்ல மேஜையை நோக்கி உருண்டு வந்தது.

டோக்கன்மா சாப்பிட்டுவிட்டு வந்தபோது கதவு திறந்திருந்தது. டாக்டர் ஏதோ தடித்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"பூஞ்சை மாதிரிதான் இருக்கு. ஆனா இந்த பேஷண்ட் எந்தப் புத்தகத்துலயும் இல்ல. நான் எழுதின மருந்து எதையும் போட்றாதம்மா, அந்தக் களிம்பு அது மூச்சை அடைச்சிரும். ஞாயித்துக்கிழம வீட்டுக்கே வரேன்." அப்புறம்தான் நிமிர்ந்தார். "எங்க வீட்லன்னா சொன்ன? எங்க வீட்ல!"

டோக்கன்மாவுக்கு எங்காவது போய் ஒளிந்துகொண்டால் தேவலை என்றிருந்தது. வெளியே நர்ஸம்மா மேஜையில் தலை கவிழ்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வந்தார். இரண்டு ஜோடிக் கையுறை, முகக்கவசம், அதற்கு மேல் ஹெல்மெட். அறை வாசற்படி வரைக்கும் நடந்துவந்து நின்றார். அதற்கு மேல் கால் வரவில்லை. "பேஷண்ட்டுக்குக் காத்து வரட்டும், நான் இங்கேருந்தே பாக்கறேன்" என்று ஹாலின் மறுகோடிக்குப் போய் சோபாவில் ஏறி நின்றுகொண்டார்.

மெக்கானிக் அதற்குள் தன் கைவரிசையைக் காட்டியிருந்தார். ஈரமான மண்ணையெல்லாம் கொட்டிவிட்டுக் காய்ந்த மண் போட்டிருந்தார். தொட்டியின் மூடிக்குப் பதிலாகக் கம்பிவலை. ஏசியின் பழைய உதிரிபாகங்களை வைத்துச் சின்னதாக ஒரு காற்றாடி. அறை முழுக்கச் செருப்புக்கடைப் பொட்டலங்கள். டாக்டருக்கு அதெல்லாம் பிடித்திருந்தது. இனி மருந்து மட்டும்தான் பாக்கி. தண்ணீர் கலந்து நீர்க்கவைத்த அயோடின், அதுவும் திட்டின் மேல் மட்டும், மெல்லிய பிரஷ்ஷால் ஒரு தொடல். வயிற்றின் அடிப்பக்கம் பட்டுவிடக்கூடாது, அதன் மூச்சு அங்கேதான்.

பிரஷ்ஷுக்குக் கண்மை தீட்டும் பிரஷ்ஷை டோக்கன்மா கொடுத்தாள். புதுசு. கொடுக்கும்போதே அதற்கு மனசுக்குள் விடை கொடுத்துவிட்டாள்.

மெக்கானிக் அதை வாங்கினார். அவருடைய விரல்களுக்கு நடுவில் அது துரும்பாகத் தெரிந்தது. தொட்டிக்குள் கையை நீட்டியதும் கை தடதடவென்று ஆட ஆரம்பித்தது. நாலாவது மாடிச் சுவரில் ஒரு காலை ஊன்றி ஏசி மாட்டுகிற கை. "என்னால முடியல. எங்கயாவது பட்டுடுமோன்னு பயமா இருக்கு" என்று வெளியே எடுத்துவிட்டார்.

"பஞ்சை வெச்சு பஞ்சுவோட பூஞ்சைல…" என்று சோபாவின் மேலிருந்து டாக்டர் ஆரம்பித்துத் திணறினார்.

"பஞ்சு இல்ல டாக்டர், பிரஷ்" என்றார் மெக்கானிக்.

"அதான்யா. பிரஷ்ஷ வெச்சு பூஞ்சுவோட பஞ்சைல… யாராவது போடுங்கய்யா!"

டோக்கன்மா வாசற்படிக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். ஒருவர் நடுங்குகிறார், இன்னொருவர் ஹெல்மெட்டோடு சோபா மேல் நிற்கிறார். கிண்ணத்தில் மருந்து கலந்தபடியே இருக்கிறது. ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தால் அவளுக்கு எப்போதுமே தாங்காது.

"தள்ளுங்க" என்று சொல்லி, பல்லைக் கடித்துக்கொண்டு வாசற்படியைத் தாண்டினாள்.

கிட்டத்தில் பஞ்சு அவள் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. ஆனால் வாயிலிருந்து பதினோரு வருஷத்துப் பழக்கம்தான் வந்தது. "ஆடாம உக்காருங்க. ரெண்டே நிமிஷம். கைய அங்க வைக்காதீங்க. அந்தக் கைதான், ஆங். எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்கல்ல?"

பஞ்சு ஆடாமல் உட்கார்ந்தது. வரிசையை மீறி வந்தவர்கள் திரும்பி உட்காருவது போலவே உட்கார்ந்தது. தினமும் காலையில் பஸ்ஸுக்கு நேரமாகும் அவசரத்திலும் இமையோரம் கோடு பிசகாமல் மை தீட்டும் கை அவளுடையது. திட்டின் விளிம்பைச் சுற்றி ஒரு கோடு, நடுவில் ஒரு பொட்டு. முடிந்தது. அவள் கையை எடுத்த பிறகுதான் பஞ்சுவுக்குக் கோபம் வந்தது போலிருக்கிறது. பின்னங்காலால் வயிற்றைப் பரபரவென்று தேய்த்தது. கண்ணுக்குத் தெரியாத முடிகள் காற்றில் பறந்தன. டோக்கன்மா ஏழு தும்மல் தும்மினாள். மெக்கானிக்குக்குக் கழுத்தெல்லாம் அரித்தது. பதினைந்து அடி தள்ளி நின்ற டாக்டருக்கு ஒரு முடியும் எட்டியிருக்க வழியில்லை, ஆனாலும் அவர்தான் அதிகமாகச் சொறிந்தார்.

"இப்ப புடிச்சுப்போச்சா பஞ்சுவ?" என்று மெக்கானிக் கண் கலங்கக் கேட்டார்.

"சீ, புடிக்கல. உடம்பெல்லாம் கூசுது. அடுத்த மருந்து எத்தனை மணிக்கு டாக்டர்?"

அதற்குப் பிறகு ஒன்றுவிட்டு ஒருநாள் அவள்தான் போட்டாள். டிபன் பாக்ஸ் கட்டி முடித்து, தலையில் துணி கட்டி, மூக்கில் கைக்குட்டை கட்டி உள்ளே போவாள். தேதி, மணி, திட்டின் அளவு எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதித் தொட்டிக்கு மேல் ஒட்டிவைத்தாள். கிளினிக்கில் டாக்டர் முதல் நோயாளியைக் கூப்பிடும் முன் அவளைத்தான் கூப்பிடுவார். "திட்டு எப்படி?" "பரவல டாக்டர். காஞ்ச மாதிரி இருக்கு." "முடி?" "அந்த இடம் இன்னும் வழுக்கைதான். கொஞ்சம் கருத்துப்போன மாதிரி தெரியுது." டாக்டர் புருவத்தைச் சுருக்கி, கருத்துப்போச்சு என்று தன் நோட்டில் எழுதி, அடியில் கோடு போடுவார். முகப்பருவுக்கு வந்து உட்கார்ந்திருப்பவர்கள் யாருக்கோ ரொம்ப முடியவில்லை போலிருக்கிறது என்று பேசாமல் காத்திருப்பார்கள்.

பதினைந்தாம் நாள் ஞாயிறு. டாக்டர் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை ஹெல்மெட் இல்லை. மெக்கானிக் குளித்துக்கொண்டிருந்தார். "இன்னிக்கு நானே கிட்டப் போய்ப் பாக்கப்போறேன்மா. ஒரு டாக்டரா எனக்கே வெக்கமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வைத்து அறைக்குள் போனார். டோக்கன்மா அவர் பின்னாலேயே போனாள்.

பஞ்சு மல்லாந்து கிடந்தது. எட்டுக் காலும் மேலே பார்த்திருந்தன. அசைவே இல்லை.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"பத்து நாப்பது" என்றார் மெதுவாக. "மன்னிச்சிரும்மா. கருத்துப்போச்சுன்னு நீ சொன்னப்பவே நான் வந்திருக்கணும். நம்மால முடிஞ்சத செஞ்சோம்."

டோக்கன்மா தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதென்ன, போனால் போகட்டும், இனிமேல் வீடு சுத்தமாக இருக்கும், அந்த அறையில் துணி காயப்போடலாம் என்றெல்லாம் யோசிக்க முயன்றாள். மூக்கு அடைத்துக்கொண்டது. ஒட்டியிருந்த காகிதத்தில் முந்தாநாள் தேதிக்கு நேரே தன் கையெழுத்தைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஒரு பூச்சிக்காகவா அழுகிறோம் என்று அவளுக்கு அவள்மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் இன்னும் அழுகை வந்தது.

"அவருக்கு எப்படிச் சொல்றது டாக்டர்?"

"நான் சொல்றேன். இது என் பொறுப்பு."

துண்டைக் கட்டிக்கொண்டு, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட மெக்கானிக் வந்தார். டாக்டர் அவர் தோளில் கை வைத்தார். அதற்கு அவர் நுனிக்காலில் எம்ப வேண்டியிருந்தது.

"தைரியமா இருக்கணும் நீங்க. பஞ்சு நம்மள விட்டு…"

மெக்கானிக் தொட்டியை எட்டிப்பார்த்தார். அவர் முகம் அப்படியே மலர்ந்துபோனது.

"உஷ்!" என்றார் வாயில் விரலை வைத்து. "சத்தம் போடாதீங்க. சட்டை உரிக்குது!"

"என்ன உரிக்குது?"

"தோலு டாக்டர். பழைய தோல உரிச்சுட்டு வெளிய வரும். அதான் சாப்பிடாம கெடந்திருக்கு, அதான் கருத்திருக்கு. சட்டை உரிச்சு ஒன்றரை வருஷம் ஆச்சா, பூஞ்சக் கவலைல எனக்கும் புத்தியில உறைக்கல. மல்லாந்து படுத்துதான் உரிக்கும்." அவர் டாக்டரை ஆச்சரியமாகப் பார்த்தார். "தோல் டாக்டர் நீங்க, உங்களுக்கே தெரியலையா?"

டாக்டரின் காது நுனி சிவந்துபோனது. "என் பேஷண்ட் யாரும் இதுவரைக்கும் முழுசா உரிச்சதில்லய்யா" என்றார்.

டோக்கன்மா அவசர அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தும்மல்" என்றாள், யாரும் கேட்காமலேயே.

மூவரும் தரையில் உட்கார்ந்தார்கள். காற்றாடியை நிறுத்திவைத்தார்கள். ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பஞ்சுவின் முதுகோரம் பெட்டி மூடி திறப்பது போலத் திறந்துகொண்டது. ஒவ்வொரு காலாக, கையுறையிலிருந்து விரலை உருவுவது போல, உருவி உருவி வெளியே வந்தது. மூன்றாவது கால் கொஞ்சம் சிக்கிக்கொண்டபோது மெக்கானிக் மூச்சுவிட மறந்தார். டாக்டர் தன்னையறியாமல், "மெதுவா, மெதுவா… அவ்வளவுதான்" என்று முணுமுணுத்தார். பயந்து நடுங்க வேண்டியவர் தொட்டிக் கண்ணாடியில் மூக்கு ஒட்ட உட்கார்ந்திருந்தார். டோக்கன்மா இரண்டு தரம் தேநீர் போட்டு எடுத்துவந்தாள். இரண்டு தரமும் குடிக்காமலே ஆறிப்போனது.

மதியம் மூன்று மணிக்குப் பஞ்சு புதுத்தோலோடு பக்கத்தில் படுத்திருந்தது. வெல்வெட் துணி மாதிரி ஒரே கறுப்பு. வயிற்றின் மேல் வழுக்கையும் இல்லை, திட்டும் இல்லை. திட்டு பழைய தோலில்தான் இருந்தது, அயோடின் கறையோடு. கைபடாமல் அப்படியே ஓரமாகக் கிடந்தது அந்தத் தோல், எட்டுக் காலும் முடியும் பல்லுமாக, இன்னொரு பஞ்சு மாதிரி.

"அது பூஞ்சைதானா டாக்டர், கடைசி வரைக்கும்?" என்று மெக்கானிக் கேட்டார்.

"பாத்துருவோம்" என்று டாக்டர் அந்தத் தோலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கையால் தொடவில்லை. டோக்கன்மாதான் இரண்டு காகிதத்தால் எடுத்து ஒரு செருப்புப் பெட்டியில் வைத்துக் கொடுத்தாள். மறுநாள் நுண்ணோக்கியில் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, பூஞ்சையேதான் என்று அறிவித்தார். நர்ஸம்மாவையும் செருப்புக்கடைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். செருப்புக்கடைக்காரர் ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "அப்போ உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் இல்லையாம்மா?" என்று டோக்கன்மாவிடம் கேட்டார். இல்லை என்றதும் ஏனோ அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

பஞ்சு இரண்டு வாரம் கழித்துச் சாப்பிட ஆரம்பித்தது. மருந்து போடும் வேலை முடிந்துவிட்டதால் டோக்கன்மா அந்த அறைக்குள் போவதை நிறுத்திவிட்டாள். பிடிக்காதது பிடிக்காததுதான். வேலைக்குக் கிளம்பும்போது மட்டும் வாசற்படிக்கு வெளியே ஒரு நிமிஷம் நின்று, கழுத்தை நீட்டி, வயிற்றின் மேல் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு போவாள்.

தோலை டாக்டர் கண்ணாடிப் பெட்டியில் வைத்துத் தன் மேஜை மேல் நோயாளிகளுக்கு நேராக வைத்துக்கொண்டார். ஒருநாள் படர்தாமரைக்கு வந்த ஒருவர், கொடுத்த களிம்பை நாலு நாள் போட்டுவிட்டு நிறுத்திவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதிப் பேச்சில் அவர் கண் பெட்டியில் விழுந்தது. நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர், இது… இது என்னது?"

டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டே நிமிராமல் சொன்னார். "அதுவா? என் பேஷண்ட் ஒருத்தரோட தோல். பூஞ்சைக்காக வந்தாங்க. மொத்தமா உரிஞ்சு வந்துருச்சு."

அந்த மனிதர் அடுத்த ஆறு வாரமும் களிம்பை ஒரு வேளைகூட விடவில்லை.